படிவுகள் என்று வாசியுங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, தலைவர் பரமேஸ்வரன் அவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் இருக்கும் மகள் ஜெனோஜாவே, கொட்டுகிற மழையில் பஸ் மாறி மாறி லண்டன் மிச்சம் நகரின் இந்தப் பங்கு மண்டபத்துக்கு வந்து சேர்ந்த அன்பு உள்ளங்களே, உங்கள் எல்லாருக்கும் ரவிச்சந்திரனின் வணக்கம்.

களைத்துப்போய் நிற்கிறேன் ஐயா. இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் எத்தனை பேருக்கு அழுதுவிட்டேன்! போனவர்களைப் புகழ எனக்குச் சொல் தீர்ந்துவிட்டது. ஆனாலும் வந்திருக்கிறேன். ஏன் தெரியுமா? நேற்று ஜெனோஜா தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "ரவி அங்கிள், நோட்டீசிலை அம்மாவைச் சமூக சேவகி எண்டு போட்டிருக்கினம். நீங்களாவது அம்மாவை ஆர்ட்டிஸ்ட் எண்டு சொல்லுங்கோ." சொல்லிவிடுகிறேன் மகளே. ஓவியர் கிளறிற்றா! ஓவியர் கிளறிற்றா! மூன்றாம் முறையும் சொல்கிறேன், ஓவியர் கிளறிற்றா!

நானும் அவரும் ஒரே மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். இந்த ஊரில் பெரிய கட்டடம் கட்டுவதற்கு முன் நிலத்தைத் துளைத்து எடுக்கிற மண் உருளைகள் எங்களிடம்தான் வரும். எனக்கு அவை வெறும் மண். எத்தனை பாரம் தாங்கும் என்று பார்த்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அவருக்கு அப்படியா? மேலே தவிட்டு நிறம், கீழே போகப் போக நீலம் கலந்த சாம்பல். "ரவி, இதை மணந்து பாருங்கோ. லண்டனுக்குக் கீழை கடல் கிடந்தது, தெரியுமோ!" என்பார். பரிசோதனை முடிந்து குப்பைக்குப் போகிற களிமண்ணை மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். காயவைத்து, அரைத்து, பசையில் குழைத்துப் பலகையில் பூசுவார். மரம், முகம், தேவாலயம் எதுவும் அதில் இருக்காது. அடுக்கு, வெடிப்பு, கசிவு, மறுபடியும் அடுக்கு. அவ்வளவுதான்.

நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவன். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் மலைகளை வெடி வைத்து லாரியில் ஏற்றுவதைப் பள்ளிக்கூடச் சன்னலிலிருந்து பார்த்து வளர்ந்தவன். அவர் மன்னாரில் பிறந்தவர். ஒருநாள் அவர் கீறிய படத்தில் நடுவில் ஒரு வெறுமை. பலகையையே குடைந்து எடுத்திருந்தார். சுற்றிலும் வெள்ளை. இது எங்கள் மலையா என்று கேட்டேன். "ஒருத்தற்றை மலையுமில்லை. தோண்டின இடமெல்லாம் இப்பிடித்தான் கிடக்கும்" என்றார்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பெனடிக்ற் அண்ணை, எழுந்து போய்விடாதீர்கள், உங்களைத் திட்டப்போவதில்லை! இதே மண்டபத்தில் கிளறிற்றா தன் முதல் கண்காட்சியை வைத்தார். பெயர் 'படிவுகள்'. காலங்காலமாகப் படிந்து படிந்து கல்லாகிப்போகிறதே, அந்தப் படிவு. பங்குச் செய்தித்தாளைத் தயாரிக்கிற பெனடிக்ற் அண்ணை பார்த்தார். பாவம், பிள்ளை எழுத்துப் பிழை விட்டிருக்கிறாள் என்று நினைத்தார். 'படிவங்கள்' என்று திருத்தினார். இடம் போதாமல் 'ஓவியக் காட்சி' என்பதையும் எடுத்துவிட்டார். அச்சில் வந்தது என்ன? "படிவங்கள். சனி காலை, பங்கு மண்டபம். கிளறிற்றா அக்கா நிற்பார். அனைவரும் வருக."

வந்தார்களே ஐயா, அனைவரும்! லண்டனின் மறுகோடி குட்மேய்ஸிலிருந்துகூட வந்தார்கள். நிரப்பித் தருவார் என்று நினைத்து, கையில் வீட்டு வாடகைப் பெனிபிட் படிவம், குடியுரிமைப் படிவம், பாஸ்போர்ட் படிவம். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. சுவரெல்லாம் படம், ஒருவரும் நிமிரவில்லை. நிமிர்ந்து பார்த்தவர் றஜீனா அக்கா ஒருவர்தான். பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "என்ன பிள்ளை, சுவரெல்லாம் ஈரம் பிடிச்சுப் போச்சு! கவுன்சிலுக்குப் போன் அடிச்சுச் சொல்லேல்லையோ?"

சிரியுங்கள். கிளறிற்றாவும் அன்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு மேசையை இழுத்துப் போட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வந்த சனத்தை எப்படித் திருப்பி அனுப்புவது? அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். அதற்கடுத்ததும் வந்தார்கள். ஐந்து நாள் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்குப் படம் கீற இருந்ததே அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். அதை நாம் தின்றோம். இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

மிஞ்சிய நேரத்தில்தான் தன் கடைசி வரிசையைக் கீறினார். சுண்ணக்கல்லின் வெள்ளை, அதன் ஊடாக ஒரு நீலக் கோடு. பலகைக்குப் பலகை அந்தக் கோடு மெலிந்துகொண்டே போகும். நாம் குழாயில் குடிக்கிற தண்ணீரின் கதை அது. இந்தப் பக்கத்து நிலத்தடிச் சுண்ணக்கல்லிலிருந்து உறிஞ்சுகிறோம், மேலே ஆறு வற்றுகிறது. "எங்களுக்கெண்டால் விசா எடுத்து வேறை நாட்டுக்குப் போகலாம் ரவி. ஆறு எங்கை போறது?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் ஒருவர் திராட்சைப்பழத்தோடு ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். அதையும் கிளறிற்றா நிரப்பிக் கொடுத்தார். வந்தவர் போன பிறகு கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "படிவத்துக்கு நன்றி சொல்லாத சனமில்லை. படத்தைப் பாத்து ஒரு ஆளாவது வடிவில்லை, நல்லாயில்லை எண்டு சொல்லியிருக்கலாம்." எனக்குக் கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை. யார்மேல் கோபம்? நம் எல்லார்மேலும்தான்.

இந்தத் தாளில் ஒரு தீர்மானம் எழுதித் தந்திருக்கிறார்கள். அம்மையாரின் படிவச் சேவையைத் தொடர்வோம் என்று. நல்லது, தொடருங்கள். ஏழை எளியவர்களுக்கு அது வேண்டும். பெனடிக்ற் அண்ணையே மேசையில் உட்காரட்டும், அவருக்குத்தான் அந்தச் சொல் பிடிக்கும்! ஆனால் அது கிளறிற்றாவின் பணி அல்ல, நாம் அவர்மேல் ஏற்றிய சுமை. அவர் பணியைத் தொடர்வதென்றால் ஆண்டுதோறும் இங்கே அவர் படங்கள் தொங்க வேண்டும். அன்று ஒருவரும் பேனாவோடு வரக்கூடாது. அந்த ஆற்றுக்காக நம் சனமும் கவுன்சிலில் போய்க் குரல் கொடுக்க வேண்டும். இதற்குக் கை தூக்குகிறவர்கள் தூக்குங்கள்.

நல்லது. கைகளை இறக்கலாம்.

இன்று காலை ஜெனோஜாவும் நானும் அந்த வெள்ளைப் பலகைகளைப் பின்சுவரில் வரிசையாக மாட்டினோம். நீங்கள் எல்லாரும் அவற்றைக் கடந்துதான் உள்ளே வந்தீர்கள். இப்போதும் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இனி மௌன அஞ்சலி. தலையைக் குனிய வேண்டாம். தயவுசெய்து எல்லாரும் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். மெதுவாகச் செய்யுங்கள், அவசரமில்லை. நிமிர்ந்து பாருங்கள். ஓவியர் கிளறிற்றாவின் கண்காட்சி இப்போது திறக்கிறது.