பதினொன்று எண்ணும் வரை

தொப். தூரத்தில் ஒரு சத்தம். எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. தோளில் ஒருவன் தொங்குகிறான். அவன் ரத்தம் என் காதுக்குள் இறங்குகிறது. பதினொன்று ஆவதற்குள் பள்ளத்தில் விழ வேண்டும்.

"படு! படு!"

விழுகிறேன். மண் வந்து மூடுகிறது.

பர்மா எல்லை மலை. நாற்பத்துநாலு, ஏப்ரல். காலை ஏழு மணி. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் நான் நாயக், பத்துப் பேருக்குத் தலைவன். வயது இருபத்துமூன்று. மோர்ட்டார் குண்டு கிளம்பும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் நடுவே பதினொன்று எண்ணலாம். அந்த இடைவெளியில் மூன்று முறை ஓடினேன். மூன்று பேரைத் தூக்கி வந்தேன்.

நாலாவது ஆள் தவசி. உசிலம்பட்டியில் என் பக்கத்து வீடு. முறைக்கு மச்சான். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"மாப்ள, என்னைய விட்டுட்டுப் போயிராதடா!"

தொப். ஏழு வரை எண்ணினேன். நான் பள்ளத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த குண்டுக்கும் கூப்பிட்டான். அதற்கடுத்த குண்டுக்குப் பிறகு கூப்பிடவில்லை.

எனக்கு மெடல் கொடுத்தார்கள்.

ஊரில் வேறு சொன்னேன். நெற்றியில் குண்டு பாய்ந்தது. உடனே போய்விட்டான். வலி தெரிந்திருக்காது. அவன் தங்கை ராக்காயி அதைக் கேட்ட பிறகுதான் சோறு தின்றாள். அவளையே கட்டினேன். பிறந்த மகனுக்கு அண்ணன் பெயரை வைத்தாள். வீட்டில் தினமும் அந்தப் பெயர்.

எழுபதாம் வருடம். பஞ்சாயத்து யூனியன் தேர்தல். கட்சி என்னை நிறுத்தியது. உசிலம்பட்டிச் சந்தைத் திடலில் கூட்டம். சட்டையில் மெடல். வேட்பாளர் மேடையேறினால் அதிர்வேட்டு போடுவது வழக்கம். தொப் என்றது. குப்புற விழுந்தேன். "படு! எல்லாரும் படு!" மைக்கில் போனது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

"மெடல் அண்ணே, அது நம்ம வேட்டுண்ணே! எந்திரிங்க!"

திடலே சிரித்தது. அந்தச் சிரிப்பை அடக்க மலைக்கதையைச் சொன்னேன். தவசி என் மடியில் சிரித்துக்கொண்டே செத்தான் என்றேன். கைதட்டல். முன்வரிசையில் மகன். இமைக்கவே இல்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஜெயித்தேன். மகன் பட்டாளத்தில் சேர்ந்தான். மறுவருடம் சட்டசபைக்கும் ஜெயித்து மதுரை வில்லாபுரத்துக்குக் குடிவந்தோம்.

எழுபத்தொன்று, டிசம்பர். போர். மகன் மேற்கு எல்லையில். வீட்டில் ரேடியோ. செய்தி தொடங்குமுன் ஒரு சின்ன மௌனம் வரும். அதில் எண்ணுவேன். தபால்காரர் சைக்கிள் மணிக்கும் எண்ணுவேன்.

திரும்பி வந்தான். முழங்கைக்குக் கீழே இடது கை இல்லை. நெஞ்சில் மெடல்.

ஒரு வாரத்தில் கட்சிக்காரர்கள் வந்தார்கள். "தம்பிய மேடையேத்துங்கண்ணே. அந்தக் கையப் பாத்தா ஓட்டு அம்புட்டும் நமக்குத்தான்." மகன் தலையாட்டினான்.

அவர்கள் போனதும் கேட்டேன். "எத்தன பேர விட்டுட்டு வந்த?"

மகன் நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். எனவே தவசியைச் சொன்னேன். முழுவதும். எத்தனை குண்டு. எத்தனை தடவை கூப்பிட்டான். நான் எது வரை எண்ணினேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் அடுப்படி வாசலில் ராக்காயி. கையில் காப்பி டம்ளர். அதைத் தரையில் வைத்தாள்.

"எங்கண்ணன் கூப்புட்டுச்சா?"

உள்ளே போய்விட்டாள்.

மகன் வலது கையைத் தூக்கினான். இரண்டு விரல்.

கூட்டம் வெள்ளிக்கிழமை. வேட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டார்கள். போகாதே என்று மகனிடமும் சொன்னேன். ஒற்றைக் கையால் சட்டையில் மெடலைக் குத்திப் பழகுகிறான்.

இழந்தவற்றை எழுதி வைக்கிறேன். மலையில் தவசி. எல்லையில் இரண்டு பேர். பெயர் கேட்டால் மகன் எழுந்து போய்விடுகிறான். அவனுடைய இடது கை. ராக்காயி, இதே வீட்டில்தான் இருக்கிறாள், சோறு வைக்கிறாள், என்னைப் பார்த்து ஒரு சொல் பேசி நாற்பது நாளாகிறது.