ரெண்டு செட்டு துணி

உக்காருங்கண்ணா, எழுந்துக்காதீங்க. டீ வேணாம். உங்க வீட்டம்மாவ உள்ள கூட்டிக்கினு போயிட்டாங்களா? இன்னும் இல்லயா? ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னாடி ரூம்லதான் படுக்க வச்சிருக்காங்களா? அப்ப அரை மணி நேரம் இருக்குது. சொல்லிடறேன். சொல்லாம போயிடலாம்னு லிஃப்ட் வரைக்கும் போய்த்தான் திரும்பி வந்தேன்.

நான் யாரா? நாகேந்திரன். நகரிக்காரன். இந்த ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்றவங்க மேல பச்சைத் துணி போர்த்துறாங்களே, அது மொத்தம் என் தறியில நெய்ஞ்சது. துவைச்சிக் கொண்டாறதும் நாங்கதான். பெரிய ஆளா? அட போங்கண்ணா. ஏழாங்கிளாஸ் தாண்டாதவன். புத்தூர்ல லுங்கி மூட்டைய தலையில தூக்கிக்கினு தெருத்தெருவா வித்தவன். அங்க கத்துக்கினது ஒண்ணுதான். எதிர்ல இருக்கறவன் முடியாதுன்னா, நான் முடியும்னு சொல்லிடணும். யோசிக்கறது அப்புறம். அந்த வாய்தாண்ணா இப்ப என்னை இங்க கொண்டாந்து நிறுத்திச்சு.

ஹேமநாத்னு இங்க ஒரு மேனேஜர். முன்னல்லாம் காகிதம் மாதிரி ஒரு துணி, ஒரு ஆபரேஷனுக்குப் போட்டுட்டு தூக்கி எறிஞ்சிடுவாங்க. குப்பை மலையா குமிஞ்சி கெடக்கும். பூமி கெட்டுப் போவுது, துவைச்சித் துவைச்சிப் போடற துணி வேணும்னாரு. நல்லதுதானே? அத நான் தப்பு சொல்லல. அதோட ‘லீன்’னு இங்கிலீஷ்ல ஒரு முறை கொண்டாந்தாரு. எதுவும் சும்மா கெடக்கக் கூடாதாம். தியேட்டருக்கு ஆறு செட்டு இருந்தது, நாலு வச்சி சமாளிப்பியான்னு கேட்டாரு. எதுக்கு சார் நாலு, ரெண்டு போதும், ஒண்ணு இங்க இருந்தா ஒண்ணு என் வேன்ல இருக்கும்னேன். காண்ட்ராக்டுக்குப் போட்டியா வந்திருந்த ரெண்டு பேரு மூஞ்சியும் தொங்கிப் போச்சு. சிரிச்சிக்கினே வீட்டுக்குப் போனேன்.

இதுல பயப்பட என்னா இருக்குதுன்னா கேக்கறீங்க? அவசரப்படாதீங்க, வரேன்.

தறிக்காரனுக்கு ஈரம்னா சாமிண்ணா. காய்ஞ்ச நூல் அறும், ஈரம் இருந்தா நிக்கும். வெயில் காலத்துல ஷெட்டு பூரா தண்ணி தெளிப்போம். அந்த புத்தி எங்க போவும்? துவைக்கிற பொம்பளைங்களுக்கு நானே சொல்லி வச்சேன், மொறமொறன்னு காய விடாதீங்க, லேசா ஈரம் இருக்கும்போதே மடிச்சிக் கட்டுங்க, துணி நாள்பட உழைக்கும்னு. ஆறு செட்டு இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியல. அலமாரியில ரெண்டு நாள் கெடந்து காய்ஞ்சிக்கும். இப்ப வேன்லருந்து நேரா கிருமியக் கொல்ற ஆவி மிஷினு, மிஷின்லருந்து நேரா தியேட்டரு.

போன வாரம் மூணு பேருக்கு தையல்ல சீழ் பிடிச்சிச்சு. ஸ்வர்ணலதான்னு ஒரு சிஸ்டரு, என்னைக் கூப்ட்டுக் கேட்டா. நான் எகிறினேன். உங்க கை சுத்தமில்லாததுக்கு என் துணியாம்மா கெடச்சிச்சுன்னு கத்துனதுல வராண்டாவே கூடிடுச்சு. அவ மிஷின்லருந்து வந்து ஆறிப்போன துணிக்கட்டு ஒண்ணப் பிரிச்சா, என் கையப் பிடிச்சி உள்ள வச்சா. தெலுங்குல முட்டுக்குனி சூடண்டின்னா, தொட்டுப் பாருங்கன்னு. முப்பது வருஷமா துணி தொடற கைண்ணா இது. சில்லுனு இருந்தது. ஈரமா உள்ள போனது ஈரமாவே வெளிய வருதாம். அந்த ஈரத்தப் பிடிச்சிக்கினு கிருமி உள்ள நடந்து வந்துடுமாம். ஈரக் கட்ட ஒதுக்கி வச்சிட்டு வேற எடுக்கணுமாம். வேற எங்க இருக்குது? அதான் வேணாம்னு நான் பேசி முடிச்சிட்டேனே.

மேல எழுதிக் குடுத்தா அந்தப் பொண்ணு. அவளத்தான் லீவுல அனுப்பிட்டாங்க. நானா? நான் வாயத் தொறக்கலண்ணா. தொறந்தா அந்த மூணு பேருக்கும் நீதான் காரணம்னு கையெழுத்து வாங்கிடுவாங்க. போலீசு வரும்.

இன்னிக்கிக் காலையில ஏழு மணிக்கு நானே இங்க வந்து, இன்னிக்கு ஆபரேஷனுக்கு வச்சிருந்த கட்டுக்குள்ள கைய விட்டுப் பார்த்தேன். ஈரந்தான்.

என்னா கேட்டீங்க? மூணு மணின்னு சொன்ன ஆபரேஷன ஏன் பதினோரு மணிக்கே வச்சாங்கன்னு தெரியலயா? சாமி புண்ணியத்துல சீக்கிரம் கெடச்சிச்சுன்னு உங்க வீட்டம்மா சந்தோஷப்பட்டாங்களா?

சாமி இல்லண்ணா. பதினோரு மணி என் பொண்ணு கன்னிகாவோடது. தலைச்சன் பிரசவம், சிசேரியன்னு பத்து நாளைக்கு முன்னயே எழுதி வச்சது. எட்டு மணிக்கே அவள கார்ல ஏத்தி சித்தூருக்கு, வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். ஸ்கேன் ஃபைல விட்டுட்டுப் போயிட்டாங்க, அத வாங்கத்தான் மறுபடி வந்தேன். அவ எடம் காலியாச்சு, அதுல உங்க வீட்டம்மா பேர எழுதியிருந்தத இப்பத்தான் பார்த்தேன். இங்கதான் எதையும் காலியா விடமாட்டாங்களே.

சட்டைய அப்புறம் பிடிங்கண்ணா, நான் எங்கியும் ஓடல. மொதல்ல போயி அந்தக் கதவப் பிடிங்க, ஸ்ட்ரெச்சரத் தள்றாங்க.