லமாரா வந்த வாரம்

எதேரி: கையை இறக்குடி. பஸ் எப்பவோ திரும்பிப் போயாச்சு. நீ இப்போ அந்தப் பெட்ரோல் பங்குக்குத்தான் டாட்டா காட்டிக்கிட்டிருக்கே.

சியாலா: பின் சீட்லதான் உக்காந்திருக்கா. திரும்பிப் பாத்தாலும் பாப்பா.

எதேரி: யாரு, லமாராவா? இந்நேரம் செருப்பைக் கழட்டிட்டு, நாம கட்டிக் குடுத்த சீஸ் ரொட்டியைப் பிரிச்சிருப்பா. மிலான் போய்ச் சேர்றதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரன் அழுதுருவான்.

சியாலா: நல்லாச் சாப்பிடட்டும். நாலு வருஷம் கழிச்சு லீவு குடுத்திருக்காங்க அவளுக்கு. அதுவும் ஒரே ஒரு வாரம்...

எதேரி: ஒரு வாரம்னாலும் என்ன வாரம்டி! நாம கடற்கரையில பாடறதைக் கேட்டு அந்த மீன்காரன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்து மணல்ல உக்காந்தானே...

சியாலா: அவன் பாட்டுக் கேக்க வந்தானா, உன்னைப் பாக்க வந்தானா?

எதேரி: ச்சீ! பேரன் பேத்தி எடுத்தவன்.

சியாலா: அதனால என்ன? கண்ணு கெட்டா போச்சு? "மூணு ஜார்ஜியாக்காரிங்க பாடறீங்க, முப்பது பேர் பாடற மாதிரி இருக்கு"ன்னு உன்னைப் பாத்துத்தானே சொன்னான்.

எதேரி: அந்த முப்பதுல இருபத்தெட்டு லமாரா தொண்டைக்குள்ள இல்ல இருக்கு!

சியாலா: அது உண்மை. அவ கீழ்க்குரலைப் புடிச்சா தரையே அதிருது. நீ மேல ஏற, நான் நடுவுல நிக்க... இத்தாலிக்கு வந்த இந்த ஒன்பது வருஷத்துல நான் நிம்மதியா மூச்சு விட்டதே இப்பத்தான்னு தோணுச்சு.

எதேரி: இனிமே நாம ரெண்டு பேரும் என்னத்தைப் பாடறது? கீழ்க்குரல் இல்லாம நம்ம ஊர்ப் பாட்டு...

சியாலா: ஒரு கால் போன முக்காலி.

எதேரி: சரி, நட. வீட்டைக் கழுவணும். நாளைக்கு நான் பாத்துக்கற கிழவரை அவர் வீட்டாளுங்க மலையிலேருந்து கூட்டிட்டு வந்துருவாங்க. அவர் கட்டில்ல லமாரா குறட்டை விட்டதும், நீயும் அங்கேயே தங்கினதும் தெரிஞ்சா என் வேலை அம்பேல்.

சியாலா: ம்.

எதேரி: நீ பாத்துக்கற நுன்சியாம்மாவும் வந்துருவாங்கல்ல? மகளோட அவங்களும் மலைக்குப் போயிருக்காங்கன்னுதானே சொன்னே...

சியாலா: ம்... வருவாங்க.

எதேரி: எப்போ?

சியாலா: எதுக்கு இப்போ துருவுறே?

எதேரி: துருவல. கேட்டேன், அவ்வளவுதான்.

சியாலா: ...இந்த பெஞ்சுல கொஞ்சம் உக்காருவோமா? கால் வலிக்குது.

எதேரி: உக்காரு. பையைக் குடு.

சியாலா: எதேரி... அவங்க வரமாட்டாங்க.

எதேரி: சொல்லுடி.

சியாலா: செத்துட்டாங்கடி. லமாரா திங்கக்கிழமை வந்தாளே, அதுக்கு முந்தின நாள். விடியக்காலையில காபி கொண்டு போனேன். கையைத் தொட்டா... ஜில்லுன்னு.

எதேரி: இந்தா, தண்ணி குடி.

சியாலா: உங்க ரெண்டு பேர்கிட்டயும் மறைச்சுட்டேன். சொன்னா லமாரா வாயைத் திறப்பாளா? பாதிரியார் மக. சாவு விழுந்த வீட்டுல நாப்பது நாளைக்குப் பாட்டுக் கூடாது. அவ்வளவு தூரத்துலேருந்து ஆசையா வந்தவ, கறுப்புத் துணியைக் கட்டிக்கிட்டு மூலையில உக்காந்துட்டுப் போயிருப்பா.

எதேரி: சொந்த வீட்டுச் சாவுக்குத்தானேடி அந்த நாப்பது நாள்...

சியாலா: அப்படித்தான் நானும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். "அவங்க எனக்கு யாரு? சம்பளம் குடுத்தாங்க, வேலை செஞ்சேன்"னு. ஆனா ஒன்பது வருஷம்டி! நகம் வெட்டி விட்டிருக்கேன். தலை வாரி விட்டிருக்கேன். சூப்புல உப்பு இல்லன்னு தட்டைத் தள்ளிவிட்ட அதே பொம்பளை, நான் பாத்திரம் கழுவிக்கிட்டே பாடினா மட்டும் காது மெஷினைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க.

எதேரி: கரண்டியோட.

சியாலா: ஆமா, கரண்டியோட. தாளம் போடறாங்களாம்! மேசையைத் தட்டு தட்டுன்னு தட்டுவாங்க. ஒரு தட்டாவது இடத்துல விழுந்ததில்ல...

எதேரி: ஒருநாள் என் தலையிலயே விழுந்துச்சு.

சியாலா: சிரிக்க வைக்காதடி... இந்த வாரம் பூரா, நாம பாட ஆரம்பிச்சாலே அந்தக் கரண்டிச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அதை அமுக்கத்தான் கத்திக் கத்திப் பாடினேன். நீங்க ரெண்டு பேரும் "ஆகா, இன்னைக்கு என்ன குரலு!"ன்னு என்னைக் கட்டிக்கிட்டீங்க.

எதேரி: அழு. அழுதுரு.

சியாலா: அடக்கத்துக்குக் கூட போகலடி நான். திங்கக்கிழமை நாலு மணிக்கு சர்ச்சுல பூசைன்னு அவங்க மக ரொசால்பா சொன்னா. அதே நேரத்துக்கு லமாரா பஸ். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.

எதேரி: ஏண்டி? லமாராவை நான் கூட்டிட்டு வந்திருப்பேனே...

சியாலா: அதெல்லாம் சாக்கு. பயந்துட்டேன். அங்க போய் நான் எங்க நிக்கிறது? நம்ம ஊர் மனனா பாத்துக்கிட்ட கிழவர் செத்தப்போ ஞாபகம் இருக்கா? பூவை வச்சுக்கிட்டு கதவோரம் நின்னா. ஒருத்தரும் உள்ள வான்னு சொல்லல. அப்படியே திரும்பி வந்துட்டா. என்னையும் அப்படி நிக்க வச்சாங்கன்னா... ஒன்பது வருஷமும் வெறும் கூலின்னு ஆயிரும்ல?

எதேரி: ரொசால்பா போன் பண்ணலையா?

சியாலா: விடாம அடிச்சா. இதோ, இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். வீட்டுச் சாவி கேக்கத்தான் இருக்கும்னு போனை அணைச்சேன். இன்னும் திறக்கல. திட்டுடி என்னை.

எதேரி: நான் எந்த வாயால திட்டறது... எனக்குத் தெரியும் சியாலா.

சியாலா: என்ன தெரியும்?

எதேரி: அவங்க போனது. திங்கக்கிழமை காலையில ரொட்டிக் கடைச் சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. கறுப்புக் கட்டம் கட்டி, பேரு, சர்ச், நேரம்... எல்லாம் போட்டு.

சியாலா: தெரிஞ்சேவா பாடினே?

எதேரி: நீயும் தெரிஞ்சேதான் பாடினே.

சியாலா: அதனாலதான் தினமும் எங்களை அந்தச் சுத்துவழியில இழுத்துட்டுப் போனியா? "இந்தப் பக்கம்தான் நிழலு"ன்னு...

எதேரி: லமாரா கண்ணுல அது பட்டுடக் கூடாதுன்னுதான்.

சியாலா: அடிப்பாவி...

எதேரி: பாவிதான். உன்னை விட நான்தான் பெரிய பாவி.

சியாலா: ஏன் அப்படிச் சொல்றே? எதேரி, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. அன்னைக்கு நீ கடற்கரைக்கு லேட்டாத்தான் வந்தே. அடுப்புல ரொட்டி வெந்துக்கிட்டிருந்துச்சுன்னு சொன்னே.

எதேரி: அது கடையில வாங்கின ரொட்டி.

சியாலா: அப்போ எங்க போயிருந்தே?

எதேரி: சர்ச்சுக்கு. பஸ் ஸ்டாண்டுக்குன்னு சொல்லிட்டு நீ அங்கதான் போயிருப்பே, தனியா நின்னுக்கிட்டிருப்பேன்னு நெனச்சு, உன்கூட நிக்கலாம்னு ஓடினேன்.

சியாலா: ரொசால்பா... என்னைக் கேட்டாளா?

எதேரி: முன் வரிசையில, அவ பக்கத்துல ஒரு இடம் வச்சிருந்தா. அவ சித்தி வந்து உக்காரப் போனப்போ, "அது சியாலாவுக்கு"ன்னு எழுப்பி விட்டுட்டா.

சியாலா: எனக்கா?

எதேரி: நீ வர்ற வரைக்கும் பூசையை ஆரம்பிக்கக் கூடாதுன்னு பாதிரியார்கிட்டக் கெஞ்சினா. பெட்டி அப்படியே நடுவுல இருக்கு. எல்லாரும் கதவையே பாத்துக்கிட்டிருக்காங்க. அவ போனைக் காதுலேருந்து எடுக்கவே இல்ல.

சியாலா: ஏண்டி... வந்த உடனே என்கிட்ட ஏன் சொல்லல?

எதேரி: சொல்லத்தான் அங்கேருந்து ஓடி வந்தேன். நீ பூசைக்கு வராட்டியும் கல்லறைக்காவது வந்து சேந்திருக்கலாம், நேரம் இருந்துச்சு. நீ தூரத்துலேருந்தே கையை ஆட்டி, "வந்தாச்சுடி நம்ம மேல்குரலு!"ன்னு கத்தினே. உன் பக்கத்துல லமாரா. வாயைத் திறந்தேன்டி... அதுக்குள்ள அவ கீழ்க்குரலை ஆரம்பிச்சுட்டா. நானும் சேந்துக்கிட்டேன்.