அடிமுனையில் அரை அங்குலம்

கோல்ப் தடியைக் குட்டையாக்கினால் பந்து தூரம் போகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த முனையில் வெட்டினாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை, ஐயா. விஷயமே அதில்தான் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் முருகையா. ஹாலிஎலைக்கு மேலே உள்ள தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தச்சு வேலை. கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக் கதவு, ஸ்டோர் ஜன்னல், பெரிய துரையின் கட்டில் எல்லாம் என் கைவேலை. தோட்டத்து எல்லையில் துரைமார் சனிக்கிழமை தோறும் பந்தடிக்கும் புல்வெளி ஒன்று இருக்கிறது. அவர்களுடைய தடிக்கு ஏதாவது ஆனால் சீமைக்கா அனுப்புவார்கள்? என்னிடம்தான் வரும். தடி சீமை மரம். ஹிக்கரி என்பார் எங்கள் பெரிய துரை. கைப்பிடிப் பக்கம் பருத்திருக்கும், அடியில் பந்தை அடிக்கும் தலைக்கட்டை சேருமிடத்தில் மெலிந்திருக்கும். அந்த மெலிந்த பாகம்தான் வளைந்துகொடுக்கும். வீசும்போது பின்னால் தங்கி, பந்தைத் தொடும் நேரத்தில் முன்னால் பாயும். பந்து உயரக் கிளம்புவது அதனால்தான்.

போன ஆடியில் மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று பேயாக அடித்தது. துரையின் பந்து உயரப் போய்க் காற்றில் மாட்டி, போன வழியே திரும்பாத குறையாக விழுந்தது. தாழ்ந்து போகிற மாதிரி தடியைத் திருத்திக் கொடு என்று அவரே என்னிடம் கேட்டார். அவர் கேட்டதை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

முதலில் கைப்பிடி முனையில் அரை அங்குலம் வெட்டினேன். அது என் தப்பு. தலை லேசானது போலக் கைக்குத் தோன்றியது, பந்து பத்துக் கஜம் முன்னதாகவே விழுந்தது, உயரம் மட்டும் குறையவில்லை. அடுத்த வாரம் தலைக்கட்டையைச் சூடு காட்டிக் கழற்றி, அடிமுனையில் அரை அங்குலம் எடுத்தேன். மெலிந்த பாகம் குறைந்தால் தடி விறைத்துக்கொள்ளும். குறைந்த பாரத்துக்குத் தலையில் கொஞ்சம் ஈயம் ஊற்றிச் சரிக்கட்டினேன். பந்து தாழ்ந்தது. கொஞ்சம் வலப்பக்கமும் சாய்ந்தது. துரைக்குச் சந்தோஷம். அதுவரை நான் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை.

மாடசாமி என் மருமகன். என் ஒரே மகள் இராக்கம்மாவின் புருஷன். நல்ல பிள்ளை, அதை மறைக்க மாட்டேன். சனிக்கிழமைகளில் அவனுக்குக் கொடி பிடிக்கும் வேலை. மூன்றாவது குழிக்குப் போகும் வழியில் ஒரு மேடு உண்டு. அடிக்கிறவருக்கு மறுபக்கத்துத் தரை தெரியாது. பந்து விழுந்த இடத்தைக் காட்ட, மேட்டுக்கு அந்தப் பக்கம் வலது ஓரமாக அடித்திருக்கும் முளையருகே கொடியோடு நிற்பான். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பான். பந்து வானத்திலிருந்து வந்தே அவனுக்குப் பழக்கம்.

திருத்திய தடியால் துரை அடித்த அன்று சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தான்.

"தடிய என்னா பண்ணினீங்க மாமா? பந்து மேட்ட ஒரசிக்கிட்டு வந்து எங் காதோரமா போச்சு."

இதையும் எழுதுங்கள். இனி முளையை விட்டுத் தள்ளி நில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் இராக்கம்மா, எனக்குச் சோறு போட்டபடியே, மாடசாமியின் அண்ணன் லுணுகலைப் பக்கத் தோட்டத்தில் இருவருக்கும் வேலை பேசி வைத்திருப்பதாகச் சொன்னாள். மாதம் முடிந்ததும் புறப்படுகிறார்களாம்.

"நீங்களும் எங்களோட வந்துருங்கப்பா" என்றாள்.

லுணுகலை ஒன்றும் சீமை இல்லை. விடியப் புறப்பட்டால் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷ வேலையை விட்டுவிட்டு மருமகன் அறையில் ஒண்டிக் கிடக்கச் சொல்கிறாள். நாலு வயதில் தாயை இழந்த பிள்ளையை நான் தனியாளாக வளர்த்தேன். தலை சீவிவிட்டேன், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் எனக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவாள். அதையெல்லாம் இன்னொருவன் கூப்பிட்டதும் விட்டுவிட்டுப் போகிறாள் என்றால் எனக்குப் பொறுக்கவில்லை. ஆத்திரமாக வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மாடசாமியிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "மொளைய விட்டு நகராத மாப்ள. நகந்தா தொரை ஏசுவாரு."

"சரிங்க மாமா" என்றான்.

நான் நினைத்தது, பந்து அவன் காலில் படும் என்று. முட்டி போனவனால் லுணுகலைக்கு நடக்க முடியாது. என் மகள் பக்கத்து அறையிலேயே இருப்பாள், நொண்டியை நானே வைத்துக் காப்பாற்றுவேன். அவனுக்காக ஓர் ஊன்றுகோல்கூடச் செய்தேன். அளவெடுக்க அவனையே கதவோரம் நிற்கச் சொல்லி, அக்குளுக்கு நேரே நிலையில் கோடு போட்டேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. பெரியவர்களைக் கேள்வி கேட்டு அவனுக்குப் பழக்கம் இல்லை.

பிறகு அடிமுனையில் இன்னும் அரை அங்குலம் எடுத்தேன். அந்தச் சனிக்கிழமை துரையின் பையை நானே தூக்கிப் போனேன். மூன்றாவது குழிக்கு வந்தபோது அந்தத் தடியை நானே எடுத்து நீட்டினேன். துரை அடித்தார். பந்து மேட்டைத் தாண்டி மறைந்தது. பத்து எண்ணும் நேரம் இருக்கும், கொடி எழுந்து ஆடியது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் பாக்கி. கடைசி அரை அங்குலத்தையும் எடுத்து, ஈயம் ஊற்றி, உருக்கிய கீல் பூசி மெழுகு நூலால் இறுக்கிக் கட்டினேன். துரை வீசிப் பார்த்துவிட்டு இரும்புக் கம்பி மாதிரி இருக்கிறதே என்றார். காற்றுக்கு இதுதான் நல்லதுங்க என்றேன். அதுவும் பொய் இல்லை.

இந்த முறை பந்து புல்லிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் எழும்பியிருக்காது. மேட்டை ஒட்டியபடி வலப்பக்கம் போய் மறைந்தது. கொடி எழவில்லை. துரை கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டார், இரண்டாம் முறையும் கூப்பிட்டார். பிறகு ஓடினார். நான் பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது துரை தன் கோட்டைக் கழற்றி மாடசாமியின் தலைக்கு அடியில் வைத்திருந்தார். காதுக்கு மேலே பட்டிருந்தது. மூச்சு இல்லை.

விபத்து என்றுதான் முடிந்தது. துரை குழந்தை மாதிரி அழுதார், அதன் பிறகு தடியைத் தொடவே இல்லை. இராக்கம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கே வந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். முப்பது நாள் அப்படி இருந்தோம். நான் நன்றாகத் தூங்கினேன்.

முப்பத்தோராம் நாள், அம்மி ஆடுகிறது என்று ஆப்பு தேடி என் மரப்பெட்டியைத் திறந்திருக்கிறாள். நான் வெட்டிய நாலு துண்டும் அதில் கிடந்தன. நல்ல மரத்தை எறிய மனம் வராது எனக்கு. அவற்றின் கீழே ஊன்றுகோல். அதை எடுத்துப் போய்க் கதவு நிலையில் இருந்த கோட்டுக்கு நேரே நிறுத்தினாள். சரியாக நின்றது.

"அவருக்குக் கால் நல்லாத்தானேப்பா இருந்துச்சு?" என்றாள்.

எல்லாவற்றையும் சேலையில் சுற்றிக்கொண்டு பதுளைப் பொலிசுக்கு, உங்களிடம் நடந்தே வந்துவிட்டாள்.

காலைத்தான் நினைத்தாய் என்றால் தலையில் எப்படிப் பட்டது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. துரை நின்று அடிக்கும் இடத்திலிருந்து பார்த்தால், மேட்டுக்கு மேலே மாடசாமியின் தலையும் கொடியும்தான் தெரியும். அவன் காலுக்கும் பந்துக்கும் நடுவே மண். அங்கே நின்று பார்த்தவன் நான், அளவு எடுத்தே பிழைக்கிறவன். தெரியாது என்று சொன்னால் நம்புவீர்களா? தெரிந்துதான் வெட்டினேன். ஊன்றுகோல் செய்துகொண்டிருந்த வரைக்கும் காலைத்தான் நினைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடிந்தது, அதற்காகச் செய்தேன்.

இராக்கம்மா இன்று காலையே மாடசாமியின் அண்ணனோடு லுணுகலைக்குப் புறப்பட்டுவிட்டாள் என்கிறீர்கள். போகட்டும், பிள்ளைக் கோபம். தோட்டத்துக்கு ஆள் அனுப்பும்போது என் அறையைப் பூட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரும்பி வந்துவிடுவாள், ஐயா. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?