கடலுக்குள்ள போக இருந்த பொட்டு

சரி, ஒரு குட்டிக் கதை சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் காபி குடிக்கப் போலாமுங்க.

கோயமுத்தூர்ல ராக்கியண்ணன்னு ஒருத்தரு. பம்பு செய்யறவரு. உங்க தோட்டத்துக் கிணத்துல ஓடுற பம்புன்னு நினைச்சுக்காதீங்க... நடுக்கடல்ல எண்ணெய்க் கிணறு இருக்குதில்ல? அதுக்குப் பக்கத்துல, கடல் தரையிலயே உக்காந்து எண்ணெயை மேல தள்ளுற பம்பு! யோசிச்சுப் பாருங்க. வெளிச்சம் கிடையாது. ஆளு இறங்க முடியாது, தண்ணி அமுக்குற அமுக்குல நசுங்கிப் போயிருவான். அந்த இருட்டுல ஒரு பம்பு... வருசக்கணக்கா... தனியா ஓடணும். நின்னு போச்சுன்னா? பெரிய கப்பல் போய்த்தான் தூக்கணும். எனக்கு நினைச்சாலே புல்லரிக்குதுங்க.

முதல் பம்பு தயாராச்சு. மூடி போடறதுக்கு முன்னால பூஜை. புதுசா ஒரு மிஷின் வந்தா நாம பொட்டு வைக்காம விடுவமா? ராக்கியண்ணன் கண் கலங்க, சந்தனமும் குங்குமமும் வச்சாரு. மூடினாங்க. லாரி கிளம்பிருச்சு.

வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தாரு. கையைப் பாத்தாரு... விரல்ல குங்குமம்.

"அய்யோ! உள்ள இருக்கற சீல் வளையத்துலயும் வச்சுட்டனே!"

கடல்தண்ணி உள்ள வராம காக்கறதே அந்த வளையந்தானுங்க. அதுல தூசி ஆகாது.

மகன் மகேந்திரன் பதறுறான். "அப்பா, துறைமுகத்துல கப்பல் நிக்குது. விட்டுட்டா ஆர்டரே போயிரும். ஒரு பொட்டுதானே... யாருக்குத் தெரியப்போகுது?"

அவரு மெதுவாச் சொன்னாரு. "அங்க போய்ப் பாக்க யாருமே இல்ல கண்ணு. அதனாலதான் நாம பாக்கணும். லாரியத் திருப்பச் சொல்லு."

திருப்பினாங்க. கழட்டினாங்க. வளையத்து மேல... செக்கச்செவேல்னு... அந்தப் பொட்டு! சந்தனத்துல ஒட்டிக்கிட்டு ஒரு மணல் துகள். ராக்கியண்ணன் தன் கையாலயே துடைச்சாரு.

கப்பல் போயிருச்சு. ஆர்டர்ல பாதியும் போச்சு. அடுத்த கப்பல் வரைக்கும் காத்திருந்துதான் அந்தப் பம்பு இறங்குச்சு. நாம இங்க பேசிட்டிருக்கோம்... அங்க அந்த இருட்டுல, இப்பவும், அது ஓடிட்டிருக்கு!

இப்பச் சொல்லுங்க... பொட்டு வச்சாரே, அது பூஜையா? துடைச்சாரே, அது பூஜையா?

நீங்க கட்டுற வீடு, நீங்க வளக்குற புள்ள... எல்லாமே ஒருநாள் உங்க கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிருமுங்க. போறதுக்கு முன்னால, சாமி கும்பிட்ட கையோட, ஒரே ஒரு தடவை...

உங்க விரலைப் பாருங்க.