பனகல் பார்க்கைத் தாண்டி

ஒக்காரு கண்ணு, ஒக்காரு. அந்த சீட்ல ஆளு யாரும் இல்ல. என் பயம்தான் ஒக்காந்துக்கினு இருந்துச்சு. ஏய், அப்டி பாக்காத. எனக்கு மறை ஒண்ணும் கழண்டு போவல. நாஸியான்னு ஒரு டாக்டரம்மா, அவங்கதான் சொன்னாங்க. பச்சையம்மா, பயம் வந்தா தொரத்தாத, அது சொல்றதையும் கேக்காத, சும்மா பக்கத்துல ஒக்கார வெச்சிக்கோ, அதுவா எறங்கிப் போயிடும்னு. அதான் ஏறினதும் எடம் போட்டு வெச்சேன். கண்டக்டர் கேக்கறாரு, பொம்பளைங்களுக்கு டிக்கெட் ஃப்ரீ, உன் பயம் ஆம்பளையா பொம்பளையாம்மான்னு. நக்கலு!

இன்னா பயமா? வூட்ல காஸ் மூடினேனா இல்லியான்னு. அவ்ளோதான். சிரிக்காத. முப்பது வருசம் பட்டினப்பாக்கத்துல மீன் வித்தவ நான். போலீசு கூடைய தூக்கினப்போ, கூடைய புடிச்சிக்கினே ஸ்டேசன் வரைக்கும் போனவ. ஆனா வூட்டப் பூட்டினா, திரும்பத் திரும்பத் தொறந்து அடுப்பப் பாத்துக்கினே நிக்கறேன்.

மொதல்ல ரெகுலேட்டரயே கழட்டி பைல போட்டுக்கினு போவேன். ஆமா, சிலிண்டர் மேல மாட்றதுதான். அது என் பைல கீதுன்னா வூட்ல அடுப்பு எரியுமா? எரியாதுல்ல. அப்பால இஸ்திரிப் பொட்டி. அதுக்கு அப்பால மோட்டாரு ஃபியூஸ் கட்டை. அங்கதான் தப்பாப் பூடுச்சு. அது எங்க பிளாக்குக்கே பொது மோட்டாராம். நான் லஸ்ல நின்னுக்கினு, வூடு பத்திரம்னு நிம்மதியா டீ குடிக்கறேன். பன்னெண்டு வூட்டுக்காரங்க கொடத்தோட என் வாசல்ல நிக்கறாங்க!

எல்லாத்தையும் ஒவ்வொண்ணா வூட்லயே வெச்சிட்டு போன்னாங்க டாக்டரம்மா. வெச்சிட்டேன். நெனப்பு விடுதா? பக்கத்து வூட்டு காவேரிக்கு ஃபோனப் போட்டு, சாவி ஓட்டை வழியா மோந்து பாருடின்னேன். பாவம், பத்து தபா மோந்தா. பதினோராவது தபா, யக்கா, எனக்கு மூணு நாளா ஜலதோசம்ன்றா! அப்ப அந்தப் பத்தும் செல்லாதுல்ல? எறங்கி ஓடினேன்.

இன்னிக்கு எப்டியாச்சும் கோடம்பாக்கம் போயி சேரணும் கண்ணு. இது நாலாவது தபா. மொத தபா லஸ்லயே எறங்கிட்டேன். அடுத்தது ஆழ்வார்பேட்டை. அதுக்கு அடுத்தது பனகல் பார்க். டாக்டரம்மா கை தட்றாங்க, ஒவ்வொரு தபாவும் இன்னும் கொஞ்சம் தூரம் போயி பயப்படறியேன்னு. ஆனா இன்னிக்கும் திரும்பினேன்னா, இனிமே கெளம்பவே மாட்டேன்.

இரு, இரு. பனகல் பார்க் வந்துடுச்சு. என் கைய புடிச்சிக்கோ. நல்லா இறுக்கி. எறங்கறேன்னு சொன்னாலும் விடாத. ஐயோ, பாலு வெச்சேனே, அணைச்சேனா? விடு கண்ணு. ஒரு நிமிசம், எறங்கிட்டு அடுத்த பஸ்ல வந்துடறேன். விடுன்றேன்ல! யாரு பெத்த புள்ளடி நீ, இரும்புல செஞ்ச கையி? விடுடி... ஏய்...

எடுத்துட்டான். வண்டிய எடுத்துட்டான்.

யப்பா. நகம் பட்டுடுச்சா கண்ணு? திட்டினத மனசுல வெச்சிக்காத. மீன் வித்த வாயி.

கோடம்பாக்கத்துல யாரா? எம் பொண்ணு லாவண்யா. மொதப் பிரசவம். தாய் வூட்டுக்குத்தான வருவாங்க? வரமாட்டேன்னுட்டா. கொழந்த மூச்சு வுடுதான்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா நீ எழுப்பிப் பாப்ப, நாங்க ரெண்டு பேரும் தூங்கவே முடியாதும்மான்னா. நியாயந்தான். எழுப்பித்தான் இருப்பேன். பொம்பளப் புள்ள. இன்னியோட இருவத்தி மூணு நாளு. ஃபோட்டோல பாத்தேன், மூக்கு என்னுது.

எந்தத் தெருவா? போன மாசந்தான் வூடு மாறினா. கேட்டு வெச்சிக்கலியே கண்ணு. இவ்ளோ தூரம் வந்துடுவேன்னு நான் இன்னா கனவா கண்டேன்?