மூன்றாம் மாடிக் கவுண்டர்

எனக்கு வரிசை என்றாலே குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தபால் நிலையமாகட்டும், ரயில் நிலையமாகட்டும், ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் அந்த அலுவலகத்துக்குத் தலைவனாகப் போட்டார்கள். விசாரணை அதிகாரியான நீங்கள், "ஏன் செய்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். மழுப்பாமல் எழுதுகிறேன்.

நுரையீரல் கெட்டவர்களுக்கு வீட்டில் வைத்துக்கொள்ள ஆக்சிஜன் மெஷின் கொடுப்பது எங்கள் வேலை. சுவரில் செருகினால் ஓடும். குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டால் ஆள் பிழைத்துக் கிடப்பார். அரசுச் சொத்து, இரவல்தான். இருந்தது முந்நூறு மெஷின், கேட்டு நின்றவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு. காலை எட்டு மணிக்கே தரைத்தளக் கூடம் நிறைந்துவிடும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருப்பார்கள், துப்புவதற்கு. நூறு பேர் சேர்ந்து இழுக்கும் அந்த மூச்சுச் சத்தம் என் அறைக் கதவைச் சாத்தினாலும் கேட்கும். விண்ணப்பத்தின் ஓரத்தில் சளி காய்ந்து ஒட்டியிருக்கும். நான் பேனா முனையால்தான் தாளைத் திருப்புவேன்.

ஒருநாள் கடைவீதியில் வண்ண மீன் விற்கிற கடைக்குள் நுழைந்தேன். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலக முத்திரை போட்ட மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதன் குழாய் தண்ணீருக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரரின் மாமனார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாராம், மெஷின் மட்டும் தங்கிவிட்டதாம். மீன்கள் கொழுகொழுவென்று இருந்தன. எனக்கு வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமல்ல. அரசாங்கத்தை இப்படித்தான் உறிஞ்சுகிறார்கள் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த மாதம்தான் மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. அலுவலகங்களில் கோப்புகள் தேங்குவதால் நாட்டின் பொருளாதாரமே தேங்குகிறது, இனி முப்பது நாளுக்கு மேல் எதுவும் நிலுவையில் கிடக்கக் கூடாது என்று இருந்தது. நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். அது நல்ல சுற்றறிக்கை. அதில் ஒவ்வொரு வார்த்தையையும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். மற்ற அலுவலகத் தலைவர்கள் ஆள் போதாது, அது போதாது என்று சப்பைக்கட்டு கட்டினார்கள். நான் சீர்திருத்தம் செய்தேன்.

மெஷின் வைத்திருப்பவரோ கேட்பவரோ, யாராக இருந்தாலும் நேரில் வந்து தேவையை நிரூபிக்க வேண்டும் என்று விதி போட்டேன். கவுண்டரை மூன்றாம் மாடிக்கு மாற்றினேன். லிஃப்டில் 'பழுது' என்ற அட்டையை மாட்டினேன். லிஃப்டுக்கு ஒரு பழுதும் இல்லை. அட்டையிலிருப்பது என் கையெழுத்து.

தலைமை எழுத்தர் அம்மா நல்ல வேலைக்காரி. ஆனால் கேள்வி கேட்கிற பழக்கம் உண்டு. புதிய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"சார், மூச்சு விட முடியாதவங்கள மூணு மாடி ஏறச் சொல்றோமே. ஏற முடிஞ்சா அவங்க எதுக்கு மெஷின் கேக்கப் போறாங்க?"

"அதையேதான் நானும் சொல்றேன். ஏறி வந்தா மூச்சு இருக்கு, மெஷின் தேவையில்ல. வரலைன்னா அக்கறை இல்ல. ரெண்டு பேர் ஃபைலையும் மூடிடுங்க."

"அப்ப யாருக்குத்தான் சார் குடுக்கிறது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இரண்டாம் மாடி வரைக்கும் வந்து அங்கேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டபோது, இந்த அம்மா படிவத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய் கையெழுத்து வாங்கி வந்தார். அதை நான் ஏற்கவில்லை. கவுண்டர் இருப்பது மூன்றாம் மாடியில். 'வரவில்லை' என்று நானே குறித்தேன்.

பதினோரு வாரத்தில் நிலுவை பூஜ்யம். கூடத்தை பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னேன். பல மாதங்களுக்குப் பிறகு என் மேசையிலேயே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். கேடயம் கொடுத்தார்கள். வேறு துறைகளிலிருந்து வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள்.

இனி நீங்கள் முக்கியமாகக் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன், என் அத்தான் விஷயம். அக்கா கணவர். கல் அரைக்கும் ஆலையில் முப்பது வருடம் நின்றவர், நெஞ்சு முழுக்கக் கல்தூசி. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்த மனிதர்தான். அதை நான் எப்போதும் மறைத்ததில்லை. அவரிடமும் எங்கள் மெஷின் ஒன்று இருந்தது. நேரில் வரச்சொல்லிக் கடிதம் போனதும் அக்கா ஃபோன் செய்தாள்.

"தம்பி, அந்த லிஃப்ட ஒரே ஒரு நிமிஷம் ஓட விடக் கூடாதாடா? ரெண்டு படி ஏறினாலே அவருக்கு உதடெல்லாம் நீலமாயிடுது."

"சொந்தக்காரருக்கு மட்டும் ஓட விட்டா நாலு பேர் என்ன பேசுவாங்கக்கா? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"நீ எதுலடா ஏறிப் போற?"

நான் லிஃப்டில்தான் போய்வந்தேன். ஊழியர்கள் வருவதற்கு முன்பே வந்துவிடுவேன், அவர்கள் போன பிறகுதான் இறங்குவேன். எனக்கு முழங்கால் வலி உண்டு. அதை அவளிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் படியேற ஆரம்பித்தார்கள். அலுவலக டிரைவர் பின்னாலேயே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாராம், நாலு படிக்கு ஒருதரம் உட்கார வைக்க. மேலே வந்து சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். சட்டை நனைந்து, கண் பிதுங்கி, அக்கா தோளில் தொங்கிக்கொண்டு வந்தார் அத்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏறிட்டேன்... பாத்தியா மச்சான்."

பரீட்சையில் பாஸாகிவிட்டதாக நினைத்துவிட்டார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். உயிரைக் கொடுத்தாவது ஏறிக் காட்டினால் மெஷின் நிச்சயம் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் அப்படி எங்கும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. திருத்தவுமில்லை. அவர் இருமியதில் ஒரு கட்டி சளி என் சட்டைக் கையில் விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு 'நேரில் வந்தார்' என்ற கட்டத்தில் குறி போட்டேன். தலைமை எழுத்தர் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். கோப்பை நானே மூடினேன்.

மூடிய கோப்பின் மெஷினை அடுத்த வேலை நாளில் மீட்க வேண்டும். திங்கட்கிழமை காலை டிரைவர் வண்டிச் சாவியை என் மேசையில் வைத்தார்.

"இத்தன வீட்டுல எடுத்துட்டு வந்தேன் சார், சோறு இறங்க மாட்டேங்குது. இன்னிக்கு நான் வரல. நீங்களே போங்க."

போனேன். வேறு யாரையாவது அனுப்பியிருந்தால் சொந்தக்காரரைக் காப்பாற்றப் பார்த்தான் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கும். என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது, தம்பி மனசு மாறி வந்துவிட்டான் என்று. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். மெஷின் நின்றதும் அறையில் அத்தானின் மூச்சு மட்டும் கேட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கை பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது. விரல் விரலாக விலக்கிவிட்டு, அவர் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றிச் சுருட்டினேன்.

அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கதவோரம் நின்று, அழுகிப்போன எதையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கையால உனக்கு ஊட்டி விட்டிருக்கேன். நெனச்சா என் கையே எனக்குக் கூசுதுடா."

அலுவலகம் வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். மாலை ஐந்து மணிக்குத் தகவல் வந்தது. மெஷின் இல்லாவிட்டால் அவர் அந்த நாளைத் தாண்ட மாட்டார் என்று தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். மற்றவர்கள் விஷயத்திலும் தெரியும். மார்பு நோய் மருத்துவர் மூன்று கடிதம் எழுதியிருந்தார், மூன்றையும் படித்தேன். முந்நூறு மெஷின்களும் துடைத்து உறை போட்டுக் கிடங்கில் பத்திரமாக இருக்கின்றன. நீங்களே பார்த்தீர்கள், ஒன்றில்கூடக் கீறல் கிடையாது.

ஒரு திருத்தம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அறிக்கையில் 'திட்டத்தின் பயனாளிகள் நாற்பத்து மூன்று பேர் இறந்தனர்' என்று இருக்கிறது. அது தவறு. ஒவ்வொருவர் கோப்பும் அவர் இறப்பதற்கு முன்பே முறைப்படி மூடப்பட்டுவிட்டது. தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். என் நிர்வாகத்தில் பயனாளி ஒருவர்கூடச் சாகவில்லை. அத்தான் கோப்பை வெள்ளிக்கிழமை மதியம் மூடினேன், திங்கட்கிழமை மாலை அவர் போனார். இடையில் மூன்று நாள் இருக்கிறது ஐயா. அந்த மூன்று நாளும் அவர் எங்களுக்கு யாரும் இல்லை, வெறும் என் அத்தான்.